நில்லாதேங்கோ, படுங்கோ

திருகோணமலையின் நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போய், மாஸ்க் மாட்டிவிட்டு, முகத்தைக் கடலுக்குள் வைக்கப் பழக்கி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது என் தொழில். வந்தவர்கள் மீனைப் பார்ப்பார்கள், சுறாவைத் தேடுவார்கள், ஆமை தலை தூக்கினால் கூச்சல் போடுவார்கள். நான் பார்ப்பது அவர்களுடைய கால்களை. தண்ணீருக்குள் மனிதருக்குப் பயம் வந்தால், வாய் கத்துவதற்கு முன்னமே கால் தரையைத் தேடத் தொடங்கிவிடும். புறாமலையில் அந்தத் தரைக்கு உயிர் இருக்கிறது.

தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். எஞ்சினை இழுத்துவிட்டு ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பெரிய தீவு, சின்னத் தீவு என்று இரண்டு. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். முருகைக்கல்லில் 100 வகையும் மீனில் 300 வகையும் அளவில் இங்கே பதிவாகியிருக்கின்றன. இதையெல்லாம் படகில் சொல்வதுண்டு. எஞ்சின் சத்தத்தில் பாதி யாருக்கும் கேட்பதில்லை, கேட்டதும் இறங்கும்போது மறந்துபோகும். அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு வேண்டிய கணக்கு ஆழம் ஒன்றுதான். தீவுக் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே முருகைக்கல் தொடங்கிவிடும். சில இடத்தில் நெஞ்சளவு, சில இடத்தில் இடுப்பளவு, வற்று நேரத்தில் அதிலும் குறைவு. ஆளை மூடும் ஆழமாக இருந்தால் ஒருவரும் நிற்க நினைக்கமாட்டார்கள். நிற்க எட்டும் என்பதுதான் வில்லங்கம்.

மான்கொம்பு போல் கிளைவிடும் முருகை, நல்ல தண்ணீரில், வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் வளரும். உருண்டைப் பாறை போல் கிடக்கும் வகை வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். பயந்த மனிதர் ஒருவர் காலை ஊன்றி, அது சறுக்க மறுகாலையும் ஊன்றி, ஃபின்ஸ் போட்ட காலோடு ஒரு சுற்றுத் திரும்பினால், மேசையகலம் நொறுங்கிவிடும். அவர் கெட்டவர் இல்லை. கீழே என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. தலை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டதே என்ற நிம்மதியில் இருப்பார். அவருக்கும் சேதம் உண்டு. முருகை கீறிய காயம் லேசில் ஆறாது. கல்லிடுக்கில் நீளக் கறுப்பு முள்ளோடு கடல் முள்ளெலி இருக்கும். அதன்மேல் ஊன்றினால் முள் உள்ளே முறிந்து நிற்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். தீவில் வெந்நீருக்கு எங்கே போவது?

அதனால் என் வேலையில் பெரும்பகுதி தீவுக்குப் போவதற்கு முன்பே, நிலாவெளி மணலில் முடிந்துவிட வேண்டும். மாஸ்க்கில் தொடங்குவேன். வாரைப் போடாமல் முகத்தில் பொருத்தி, மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்வேன். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டி நின்றால் அது அவருடைய மாஸ்க். விழுந்தால் வேறொன்று எடுக்க வேண்டும். வாரை இறுக்கினால் தண்ணீர் வராது என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். இறுக்க இறுக்க ரப்பர் ஓரம் மடங்கி இன்னும் கூடத்தான் வரும். மீசைக்காரருக்கு மேலுதட்டில் கொஞ்சம் வாசிலின் பூச வேண்டும். பெண்களுக்கு நெற்றிமயிர் ஓர் இழை ரப்பருக்குள் மாட்டினாலும் போதும், ஒழுகத் தொடங்கும். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க எச்சில் துப்பித் தேய்த்து அலம்ப வேண்டும். சங்கு குளித்த என் தாய்மாமன் செய்ததும் அதைத்தான். முகம் சுளிப்பவர்களுக்காகக் குழந்தைப்பிள்ளைகளின் ஷாம்பு ஒரு போத்தல் படகில் கிடக்கிறது. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடுத்தது மூச்சு. இடுப்பளவு தண்ணீரில், வெறும் மணலில் முழங்காலூன்றி, மூச்சுவிடும் குழாயை வாயில் கவ்வி, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கச் சொல்வேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை. இந்த நேரத்தில் நான் கவனிப்பது, தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் சத்தம். முகம் தண்ணீருக்குள் இருப்பதால் கண்ணும் வாயும் எனக்குத் தெரியாது. ஆளின் மனநிலையைக் குழாய்தான் சொல்லும். பயந்தவரின் குழாய் விட்டுவிட்டு, அவசரமாக, 'ஃபு, ஃபு, ஃபு' என்று ஊதும். அப்படிச் சின்னச் சின்னதாக ஊதினால், வெளியே தள்ளிய பழைய காற்று குழாயைத் தாண்டுவதில்லை. அதையே திரும்ப உள்ளே இழுப்பார்கள். மூச்சு முட்டும். முட்டினால் இன்னும் வேகமாக ஊதுவார்கள். இதை நின்றபடி எவ்வளவு விளக்கினாலும் ஏறாது. முதுகில் கையை வைத்து, "முழுசா ஊதுங்கோ, இன்னும், இன்னும்... இப்ப மெல்ல இழுங்கோ" என்று மூன்று நான்கு தரம் சேர்ந்து மூச்சு விட்டால் சத்தம் மாறும். நீளமான, கொஞ்சம் சோம்பலான மூச்சு. அது வராமல் ஒருவரையும் படகில் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி. கரையில் எல்லாரும் இதற்குச் சம்மதிப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஆசிரியைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். அதில் வயதில் மூத்த ஒருவர் சல்வாரோடு, லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே முந்தானை போல சால்வையும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நீச்சல் தெரியாது, கடலில் இறங்கியதே இல்லை, பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பதற்காக வந்தவர். சால்வையைக் கழற்றச் சொன்னேன். அது கழுத்தில் சுற்றும், எஞ்சினிலும் சிக்கும். தீவில் இறங்கி, கயிறு கட்டிய மிதப்பு வளையத்தை அவர் கையில் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் போனதும் கால் கீழே போகத் தொடங்கியது.

"ரீச்சர், நில்லாதேங்கோ, படுங்கோ."

குழாயைக் கழற்றிவிட்டு, "படுத்தா தாண்டுபோவன் தம்பி" என்றார்.

"ஜாக்கெட் போட்ட ஆள் தாழுறேல்லை ரீச்சர். நின்டாத்தான் அலை தள்ளும். காலைப் பின்னால விடுங்கோ, மற்றது நான் பாக்கிறன்."

படுத்தார். வளையத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த வெளுப்பு இறங்கியது. குழாய்ச் சத்தமும் இறங்கியது. நான் இழுத்துக்கொண்டே போனேன். திடீரென்று தலையைத் தூக்கி, "உதென்ன சத்தம் தம்பி, கடுகு வெடிக்கிற மாதிரி?" என்று கேட்டார்.

எனக்குப் பெரிய சந்தோசம். வந்தவர்களில் அநேகமானோருக்கு இந்தச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. கண் மட்டும்தான் வேலை செய்யும். முருகைக்கல் இடுக்குகளில் விரல் நீளம்கூட இல்லாத றால் இனம் ஒன்று இருக்கிறது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைச் சொடுக்கும் வேகத்தில் தண்ணீரில் குமிழி பிறந்து உடைகிறது. அந்த உடைவுதான் சத்தம். ஆயிரக்கணக்கில் சொடுக்கும்போது கடலே பொரிகிற மாதிரிக் கேட்கும். அது நன்றாகக் கேட்டால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செத்த முருகைக்கு மேலே போனால் சத்தம் மங்கிவிடும். இன்னும் கொஞ்சம் கூர்ந்து கேட்டால், கல்லைக் கரகரவென்று சுரண்டும் இன்னொரு சத்தமும் உண்டு. அது கிளிமீன். முருகைக்கல்லைச் சொண்டால் சுரண்டி, அதில் படிந்த பாசியைத் தின்று, கல்லை மாவாக்கி வெளியே விடும். நாங்கள் துவாயை விரித்துக் குந்தியிருக்கும் வெள்ளை மணலில் அதன் பங்கும் இருக்கிறது. இதைச் சொன்னபோது ரீச்சர் மணலை ஒருதரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு நேரமும் மீன்ர கக்கூசிலயே இருந்தனான்?" என்றார். கூட வந்தவர்கள் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நீச்சல் தெரியாதவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அவர்கள் கயிற்றில் இருப்பார்கள், சொல்வதைக் கேட்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான் என் கண்ணை ஓயவிடாதவர். நீச்சல் தடாகத்தில் பழகியவருக்குத் தண்ணீர் தெரியும், கடல் தெரியாது. அதிலும் எங்கள் பக்கத்துக் காற்று தெரியாது.

திருகோணமலையில் வெளிநாட்டுப் பயணிகள் குவிவது வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை. தென்மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் எங்கள் கடல் தட்டையாகக் கிடக்கும். அந்தக் காலத்துக் காற்று கச்சான். மேற்கே நிலத்தின் மேலாக வந்து, கரையைத் தாண்டிக் கடலுக்குள் வீசும். வெளியே தள்ளுகிற காற்று என்பதால் கரையோரம் அலை எழும்பாது. கரையில் நின்று பார்ப்பவருக்குக் குளம்தான். ஆனால் மிதக்கும் எதையும் அது கிழக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். வெளியே போகப் போக அலையும் ஏறும். காற்றடைத்த மெத்தையில் படுத்துக் கண்ணை மூடியவர், திறக்கும்போது கரை சிறுத்திருக்கும். அலை அடித்தால் ஆள் பயந்து தானாகவே கரைக்கு வந்துவிடும். கச்சானில் பயம் பிந்தித்தான் வரும்.

நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டதாகச் சொன்ன ஓர் ஐரோப்பிய இளைஞர் லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்றார். வாதாடவில்லை. கண்ணுக்குள் வைத்துக்கொண்டேன். சுறா ஒன்றைத் துரத்தித் தீவின் நிழலைத் தாண்டியதும், காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியுமாகையால், படகை எடுத்துப்போய் அவர் வந்துசேரப்போகிற இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தேன். திரும்ப நீந்திப் பார்த்தார். பாறை கிட்ட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் படகின் பக்கவாட்டைப் பிடித்தபடி, "நீ ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று கோபமாகவே கேட்டார். "உனக்காகத்தான்" என்றேன். ஏறிக்கொண்டார். அதன்பிறகு அன்று முழுக்க ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

சுறாவைச் சொல்லிவிட வேண்டும், கேட்காதவர் இல்லை. இங்கே வருவது செட்டை நுனி கறுத்த சுறா. வளர்ந்தது ஒன்றரை மீற்றர் வரை இருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் சுற்றுவதில் குட்டிகளே அதிகம். பயந்த சாதி. ஆள் தண்ணீரை அடித்துக்கொண்டு போனால் அது எங்கேயோ போய்விடும். காலையில் வெள்ளென, முதல் படகில் வந்து, ஓரிடத்தில் அசையாமல் மிதந்து கிடந்தால் அதுவே சுற்றிக்கொண்டு கிட்ட வரும். துரத்துகிறவர்கள் வாலைத்தான் பார்க்கிறார்கள். ஆமைக்கும் இதே சட்டம், அதில் இன்னும் ஒரு காரணம் உண்டு: அது மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர். மேலே நாலு பேர் கமராவோடு வட்டம் போட்டு நின்றால் அது மூச்சை அடக்கிக்கொண்டு கீழேயே ஒதுங்கும். அழுங்காமை கல்லிடுக்கில் கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்னும் நேரம் பார்க்க நல்லது. தலையை உள்ளே விட்டிருப்பதால் எங்களைக் கவனிக்காது.

திமிங்கிலம் பார்க்கப் போவதும் என் வேலையில் சேர்த்திதான். பங்குனி, சித்திரையில் விடியும்போதே வெளிக்கிட்டுவிடுவோம். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழக்கடலை நோக்கி இறங்குகிறது. அதனால் மற்ற இடங்களில் வெகுதூரம் ஓட வேண்டிய ஆழம் இங்கே கரைக்குக் கிட்டவே கிடைக்கிறது. நல்ல நாளில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை உச்சியிலிருந்தே நீலத் திமிங்கிலம் ஊதுவதைப் பார்க்கலாம். 1980களின் முற்பகுதியில் டியூலிப் என்ற சின்னப் பாய்மரக் கப்பலில் ஆய்வாளர்கள் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பற்றி எழுதினார்கள். பிறகு போர் வந்தது. மீன்பிடிக்கப் போவதற்கே பாஸ் எடுக்க வேண்டிய காலத்தில் திமிங்கிலம் பார்க்க யார் போவது?

கடலில் அதைப் பார்ப்பது பொறுமை சம்பந்தப்பட்ட வேலை. இருபது மீற்றருக்கு மேல் நீளமான உயிர் அது. சில தரம் ஊதி, வாலைத் தூக்கிக் கீழே போனால், பத்து நிமிடம் அளவில் வெளியே வராது. அது போன இடத்தில் தண்ணீர் வழுவழுவென்று வட்டமாகக் கொஞ்ச நேரம் நிற்கும். வட்டத்துக்கு வட்டம் எந்தத் திசையில் போகிறது என்று குறித்துக்கொண்டு, எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு இருக்க வேண்டும். 100 மீற்றருக்குள் கிட்டப் போகக் கூடாது என்பது 2012இல் வந்த விதி. ஆனால் ஊதல் தெரிந்ததும் நாலைந்து படகு சேர்ந்து பாய்ந்து, முன்னால் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வெட்டினால் அது ஊதலைக் குறைத்துவிட்டு இறங்கிவிடும். பிந்தி வருகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. படகில் இருப்பவர்களே தூண்டிவிடுவதும் உண்டு. "அண்ணை, அந்தப் போட் கிட்டப் போகுதே, நீங்க ஏன் போறீங்களில்லை?" தீவில் காலை அடக்கச் சொல்கிறவன், இங்கே எஞ்சினை அடக்கச் சொல்கிறேன். காசு கொடுத்தவருக்கு இரண்டும் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். இறங்கி நீந்தட்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் இறக்குவதில்லை.

மற்றதெல்லாம் லேசான வேலை. மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறிவிட்டால் பயணிகளைக் கோணேசர் கோயிலுக்கோ கன்னியா வெந்நீரூற்றுக்கோ அனுப்பிவிடுவேன். கன்னியாவில் ஏழு கிணறு. குளித்துவிட்டு வந்து ஏழும் ஏழு சூடு என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புவேன்: போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களை 1956இல் முக்குளித்துப் பார்த்தவர்களில் ஆதர் சி. கிளார்க்கும் ஒருவர். விண்வெளிக் கதை எழுதியவராகத்தான் அவரை உலகுக்குத் தெரியும். இந்தக் கரையில் மாஸ்க் போட்டவர்களில் அவர் எங்களுக்கு மூத்தவர். இதைச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலில் மானுக்குத் தீனி கொடுப்பதை விட்டுவிட்டு மலை விளிம்புக்குப் போய்க் கடலை எட்டிப் பார்க்கிறார்கள்.

1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்து முருகையெல்லாம் வெளிறி மடிந்தபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. முருகைக்கு நிறமும் பெரும்பங்கு சாப்பாடும் கொடுப்பது அதற்குள் குடியிருக்கும் நுண்பாசி. சூடு கூடினால் பாசி வெளியேறும், வெள்ளை எலும்பு தெரியும். சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பி வரும், பிந்தினால் முருகை சாகும். கடலின் சூட்டை நானோ நிலாவெளியோ இறக்க முடியாது. அதனால்தான் காலைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். சூட்டில் இளைத்துப்போன முருகை, மிதிபட்டால் எழும்பாது.

போயா விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தால் கரையில் நிற்க இடமிருக்காது. கொழும்பு பஸ், கண்டி பஸ், யாழ்ப்பாணத்து வான். ரிக்கற் எடுக்கும் வரிசை மணலில் வளைந்து நிற்கும். தீவில் இறங்கினால் தண்ணீரில் படுத்தவர்களை விட நிற்பவர்களே அதிகம். பிஸ்கற்றைக் கரைத்து மீனுக்குப் போடுகிறவர், செத்த முருகைத் துண்டைப் பொக்கற்றில் போடுகிறவர், "செத்ததுதானே அண்ணை" என்று நியாயம் சொல்கிறவர் எல்லாரும் இருப்பார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாங்கள்தானே ஏற்றி வந்தோம்? மாஸ்க்கைக் கையில் கொடுத்து, "அந்தா, அங்கதான் மீன்" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பிப் போகிற படகுகள் உண்டு.

என் யோசனை சின்னது. ரிக்கற் எடுத்து வருகிற ஒவ்வொருவரும், படகில் ஏறுவதற்கு முன் நிலாவெளிக் கரையில் பத்து நிமிடம் இடுப்பளவு தண்ணீரில் மூச்சுப் பழக வேண்டும். மிதக்க வராதவருக்குக் கயிறும் ஆளும் இல்லாமல் தீவில் தண்ணீருக்குள் இறங்க இடமில்லை. கரையில் இதைப் பேசும்போதெல்லாம் படகுக்காரர் பக்கத்திலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "உன்ர பத்து நிமிசத்துக்கு ஆர் காசு தாறது?" ஆள் அதிகமான நாளில் பத்து நிமிடம் என்றால் ஓர் ஓட்டம் போகும், ஓர் ஓட்டம் போனால் எண்ணெய்க் காசு போகும். கேள்வியில் பிழையில்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். நான் திருப்பிச் சொல்வது, பழகி ஏறினவர் தீவில் முக்கால் மணித்தியாலம் தண்ணீரில் கிடப்பார், அடுத்த நாள் தம்பியையும் தங்கச்சியையும் கூட்டி வருவார் என்று. பழகாமல் ஏறினவர் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டு, கால் கிழிந்து, ஐந்து நிமிடத்தில் மணலில் ஏறிக் குந்திக்கொண்டு, "எப்ப போட் வரும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். இதைக் கேட்டு ஒத்துக்கொண்டவர்கள் சிலர். மற்றவர்கள், பொறு, போட்டி போடுகிற எல்லாப் படகும் ஒரே நாளில் தொடங்கினால் பார்க்கலாம் என்கிறார்கள். அது நடக்கும்வரை என் படகில் ஏற வருகிறவர்கள் முதலில் மணலில் முழங்காலூன்ற வேண்டியதுதான்.